முதல்ல நீங்க வைங்க

கோசோ: ...அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த ஷூவைக் கழட்டுங்க. உள்ள தண்ணி நிக்குது.

உசாமி: மன்னிச்சுக்கோங்க. உங்க வாசலெல்லாம் நனைச்சுட்டேன்...

கோசோ: ஜனவரி மாசம் நாகஓகாவுக்குத் தோல் ஷூ போட்டுக்கிட்டு வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். ரோட்டு நடுவுல தண்ணி பீச்சுதே, பாக்கலயா?

உசாமி: பாத்தேன். பைப் உடைஞ்சிருக்குன்னு நெனச்சேன். யார்கிட்டயாவது சொல்லலாம்னுகூட...

கோசோ: சுமியே, கேட்டியா? பனி கரையறதுக்கு நாங்க விடுற தண்ணியை, பைப் உடைஞ்சிருக்குன்னு புகார் குடுக்க இருந்தாராம்.

சுமியே: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுடாதீங்க. வாங்க உசாமி-சான். மேஜைக்கடியில ஹீட்டர் இருக்கு, போர்வையை விலக்கிட்டு காலை உள்ள விடுங்க. காவசாகியிலேருந்து இவ்வளவு தூரம்... மெயில்லயே பேசியிருக்கலாமே.

உசாமி: பத்து வருஷமா மெயில்லதான் பேசிட்டிருக்கோம். இகராஷி சுமியே-சானை இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்.

கோசோ: மெயில்ல உயரமா தெரிஞ்சாளா?

உசாமி: ...கொஞ்சம்.

கோசோ: எல்லாரும் அதான் சொல்றாங்க. குடுங்க, ஷூவை அடுப்புக்கிட்ட வைக்கிறேன். பேப்பரை உருட்டி உள்ள வெச்சா காஞ்சுடும். காயுற வரைக்கும் நீங்க எங்க கைதி.

உசாமி: இது... உங்களுக்கு. சின்னதா ஒரு...

கோசோ: சின்னதா? என்னங்க இது, உள்ள செங்கல்லா?

உசாமி: யோகான்.

கோசோ: யோகானா. அப்ப சரி. பெரிய தப்புதான் பண்ணியிருக்கீங்க.

சுமியே: என்னங்க...

கோசோ: இல்லையா பின்ன? சும்மா பாக்க வர்றவங்க பிஸ்கட் கொண்டு வருவாங்க. மன்னிப்புக் கேக்க வர்றவங்கதான் இனிப்புப் பயறுக் கட்டியை இப்படிக் கனமாத் தூக்கிட்டு வருவாங்க. தப்பு எவ்வளவோ கனம் அவ்வளவு. பனி தள்ளுற வண்டியை வெச்சு ஒருத்தர் மதில் சுவரை நான் இடிச்சுட்டேன். அப்ப எடுத்துட்டுப் போனதே இதுல பாதிதான் இருக்கும். நீங்க எதை இடிச்சீங்க?

உசாமி: இன்னும் இடிக்கல.

கோசோ: ஓ. முன்கூட்டியேவா.

சுமியே: அவரை டீ குடிக்க விடுங்க. ஒரு நிமிஷம், நானே வெட்டுறேன். உங்க கையில குடுத்தா செங்கல்லாவே வெட்டுவீங்க.

உசாமி: ...பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுது போல?

கோசோ: அதுவா? அரிசி வைக்கிற குளிர்ப்பெட்டி. பழசு. கத்திக்கிட்டேதான் இருக்கும்.

உசாமி: பெரிய பெட்டியா இருக்கும் போல.

கோசோ: நெல்லு வெளையுற ஊரு. பெரிய பெட்டிதான் இருக்கும். சரி, விஷயத்துக்கு வாங்க. எதை இடிக்கப் போறீங்க?

உசாமி: இகராஷி-சான் எழுதின கோடிங்ல... கொஞ்சம்... எடுத்துடலாம்னு.

கோசோ: கொஞ்சம்னா?

உசாமி: நானூறு வரி.

கோசோ: மொத்தம் எவ்வளவு எழுதினே சுமியே?

சுமியே: நானூத்திச் சொச்சம்.

கோசோ: ...யோகான் இன்னும் ரெண்டு கட்டி வாங்கியிருக்கணும் நீங்க.

உசாமி: தெரியும். கடையில இருந்ததே இவ்வளவுதான்.

கோசோ: இருங்க, இருங்க. இந்தக் கோடிங்தானே உலகம் பூரா இருக்குன்னு சொன்னே? கம்ப்யூட்டரோட அடிவயித்துல, கெர்னல்னு ஒண்ணு...

சுமியே: அதேதான்.

கோசோ: அதை நான் முடி வெட்டுற கடை வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேனே. "எங்க வீட்டம்மா பேரு ஆஸ்பத்திரியில, பேங்க்ல, ராக்கெட் விடுற எடத்துல எல்லா மெஷின்லயும் இருக்கு"ன்னு. அந்தாளு வர்றவங்க கிட்டல்லாம் சொல்றான். இப்ப இவரு எடுத்துட்டா பேரும் போயிடுமா?

உசாமி: போகாது. அந்தக் கோப்போட தலையில பேரு இருக்கு. அதை நான் தொடல. யாரும் தொட மாட்டாங்க.

கோசோ: வீட்டை இடிச்சுட்டு வாசல்ல பேர்ப் பலகையை மட்டும் விட்டுட்டுப் போவீங்க.

உசாமி: ...ஆமா. அப்படித்தான் ஆகுது.

சுமியே: யோகான் எடுத்துக்கோங்க. நீங்களும் சாப்பிடுங்க, வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

கோசோ: சாப்பிட்டுக்கிட்டே கேப்பேன். எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க உசாமி-சான். இவ பதினாலு வருஷமா சொல்றா, எனக்கு ஒரு மண்ணும் ஏறல.

உசாமி: ஒரே ஒரு பெரிய கிடங்குன்னு வெச்சுக்கோங்க. பல கம்ப்யூட்டர் அதுலயே எழுதும், அதுலேருந்தே படிக்கும். ரெண்டு பேர் ஒரே எடத்துல ஒரே நேரத்துல எழுதிட்டா எல்லாம் நாசம். அதனால ஒவ்வொண்ணும் மத்ததைக் கேட்டுட்டுத்தான் கை வைக்கும்.

கோசோ: நாங்க பனி கொட்டுற மைதானம் மாதிரி. ஒரே மைதானம், எட்டு வண்டி. "நான் உள்ள வர்றேன்"னு வயர்லெஸ்ல சொல்லாம ஒருத்தனும் திருப்ப மாட்டான்.

உசாமி: அதேதான். அந்த வயர்லெஸ் மாதிரி ஒவ்வொரு ஜோடிக்கு நடுவுலயும் ஒரு லைன் திறந்தே இருக்கும். ஒரு வண்டி வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகுதுன்னா அந்த லைனை மூடணும். மூடுறது எப்படின்னு எழுதினது இகராஷி-சான்.

கோசோ: மூடுறதுக்கா நானூறு வரி? நாங்க "வரேன்பா"ன்னு சொல்லிட்டு சுவிட்சை அணைச்சுடுவோமே.

சுமியே: நீங்க சொல்றதை எதிராளி கேட்டானான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோசோ: கேக்கலன்னா அவன் தலையெழுத்து.

சுமியே: அதனாலதான் மதில் இடிஞ்சது.

உசாமி: இகராஷி-சான் வெச்ச விதி என்னன்னா... போறவர் "நான் கெளம்புறேன்"னு சொல்லணும். ஆனா லைனை அவர் முதல்ல மூடக்கூடாது. எதிராளி மூடுற வரைக்கும் காத்திருக்கணும்.

கோசோ: எதிராளி?

உசாமி: அவரும் காத்திருப்பார். போறவர் மூடட்டும்னு.

கோசோ: ...சுமியே.

சுமியே: சொல்லாதீங்க.

கோசோ: சொல்லுவேன். இவ தங்கச்சி கூட போன் பேசுறதைக் கேட்டிருக்கணும் நீங்க. விஷயம் பத்து நிமிஷம், விடைபெறுறது அரை மணி. "சரி, அப்ப வைக்கிறேன்." "சரி சரி, வைங்க." "முதல்ல நீ வை." "இல்லக்கா, நீங்க வைங்க." ஒரு தடவை நான் பாத்ரூம் போய் குளிச்சுட்டே வந்துட்டேன், ரெண்டு பேரும் ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டு மூச்சு விட்டுட்டிருக்காங்க. இதைப் போய் மெஷினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா.

சுமியே: கம்பெனியில சேந்த முதல் வாரமே சொல்லிக் குடுத்தாங்க. வாடிக்கையாளர் வைக்கிறதுக்கு முன்னாடி நாம வைக்கக்கூடாது. முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும்னு.

உசாமி: எங்க கம்பெனியிலயும் அதான். ஆனா வெளிநாட்டுக்காரங்க இந்தக் கோடிங்கைப் படிச்சுட்டு தலையைப் பிச்சுக்கிட்டாங்க. கெர்னல் எழுதுறவங்க எல்லாரும் பேசுற மெயில் லிஸ்ட்லயே ஒருத்தர் கேட்டார், "இது ஏன் ரெண்டு பக்கமும் நிக்குது?"ன்னு. நம்ம ஆளுங்க ஒருத்தரும் அதைக் கேக்கவே இல்ல. பாத்த உடனே சரின்னு பட்டுடுச்சு நமக்கு.

கோசோ: ரெண்டு பேரும் நின்னுட்டே இருந்தா எப்பத்தான் முடியும்?

சுமியே: அதுக்கு ஒரு கடிகாரம் வெச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு யாரும் மூடலன்னா அதுவா மூடிடும்.

கோசோ: நான் பாத்ரூம்லேருந்து வர்ற மாதிரி.

சுமியே: சிரிங்க. ஆனா உசாமி-சான், நான் எழுதினப்ப வேற வழி இல்ல. அது உங்களுக்குத் தெரியும்ல?

உசாமி: தெரியும்.

சுமியே: அன்னைக்கு இந்த லைனுக்கு மேல இன்னொரு அடுக்கே கிடையாது. யாரு குழுவுல இருக்கா, யாரு கெளம்பிட்டான்னு சொல்ல ஆள் இல்ல. கடைசி வார்த்தை வழியிலேயே இருக்கும்போது லைனை அறுத்தா அந்த வார்த்தை அதோட போச்சு. "இந்தப் பக்கத்தை நான் விட்டுட்டேன், நீ எழுதிக்கோ"ன்னு ஒருத்தன் சொல்றான், அது போய்ச் சேரல... ஒரு கோப்பு கெட்டா யாரு பதில் சொல்றது? பதினாலு வருஷத்துல என் கோடிங்கால ஒரு கோப்பு கெடல. ஒண்ணுகூட.

உசாமி: இந்தத் திருத்தம், பேட்ச், அதோட முதல் வரியா அதைத்தான் எழுதியிருக்கேன்.

சுமியே: படிச்சேன்.

உசாமி: ...படிச்சீங்களா.

சுமியே: அப்புறம், லைன் எந்த நெலையில இருக்குன்னு காட்ட என் கோடிங்ல இருக்கே, அந்த ஏழு கொடி. அதுல நான் ஏத்தினது மூணுதான். சொன்னேன், கேட்டேன், காத்திருக்கேன். அவ்வளவுதான். "காத்திருக்கும்போது கேட்டேன்", "கேட்டுட்டு மறந்துட்டேன்"னு மத்த நாலை ஏத்தினது பின்னாடி வந்தவங்க.

கோசோ: திருவிழா மாதிரி இருக்கே.

உசாமி: அதனாலதான் இப்ப யாரும் உள்ள கை வைக்கப் பயப்படுறாங்க. எந்தக் கொடி எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு எனக்கே ஒரு மாசம் ஆச்சு புரிய.

கோசோ: சரிய்யா. பயமா இருக்குன்னா விட்டுட வேண்டியதுதானே. பதினாலு வருஷம் ஓடுது. எதுக்கு இப்ப இடிக்கணும்?

உசாமி: ஒரு ஆஸ்பத்திரி... பேரு வேண்டாம். கட்டடத்துல கரண்ட் வேலைக்காக ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல நிறுத்தச் சொன்னாங்க. பாட்டரில ஓடிட்டிருக்கு. நானும் அங்க நின்னுட்டிருந்தேன். எல்லாம் ஒரே நேரத்துல "நான் கெளம்புறேன்"னு சொல்லிச்சு. எல்லாம் மத்தது முதல்ல மூடட்டும்னு நின்னுச்சு.

கோசோ: கடிகாரம் இருக்குன்னாளே?

உசாமி: ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கடிகாரம். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது. ஃபேன் சத்தம் ஒண்ணு அடங்கும். அப்புறம் ஒண்ணும் நடக்காது. நாம மூச்சைப் பிடிச்சுட்டு நிப்போம். ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு அடங்கும். அப்படியே ஒவ்வொண்ணா... கடைசி ரெண்டு அடங்குறதுக்குள்ள பாட்டரி போயிடுச்சு.

சுமியே: கோப்பு?

உசாமி: ஒண்ணும் கெடல. உங்க கோடிங்தானே. ஆனா பாதில நின்னதால மறுநாள் எல்லாத்தையும் சரிபாத்து எழுப்ப மத்தியானம் ஆச்சு. அதுவரைக்கும் டாக்டருங்களால பழைய ஸ்கேன் படம் எதையும் திறக்க முடியல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா காலையில ஹால்ல உக்காந்திருந்தவங்க முகத்தைப் பாத்தேன். அந்தச் சத்தம் இருக்கே, ஒவ்வொண்ணா அடங்குற சத்தம்... இப்பவும் காதுல இருக்கு.

சுமியே: இன்னும் கொஞ்சம் டீ ஊத்தவா?

உசாமி: வேண்டாம். இல்ல... கொஞ்சம்.

சுமியே: உங்க பேட்ச்சுல ஒரு கேள்வி.

உசாமி: கேளுங்க.

கோசோ: ஆரம்பிச்சுட்டா. முதுகை நிமித்தி உக்காந்தான்னா அவ்வளவுதான், உசாமி-சான். இன்னும் ஒரு துண்டு யோகான் எடுத்துக்கோங்க, தெம்பு வேணும்.

சுமியே: நீங்க சொல்றது, போறவர் நேரா மூடிட்டுப் போயிடலாம்னு.

உசாமி: ஆமா. ஏன்னா இப்ப மேல ஒரு விடைபெறுதல் வந்துடுச்சு. நீங்க எழுதி மூணு வருஷம் கழிச்சு வந்தது. குழுவை விட்டுப் போறேன்னு அங்கயே எல்லார்கிட்டயும் சொல்லி, எல்லாரும் சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் கீழ லைனுக்கே வருது. மேல ஒரு தடவை விடைபெத்தாச்சு. கீழ மறுபடி ஒரு தடவை எதுக்கு?

சுமியே: கடைசி வார்த்தை வழியில இருந்தா?

உசாமி: இருக்காது. எல்லாரும் சரின்னு பதில் சொன்னப்புறம்தான் மேல விடைபெறுறது முடியும். பதில் வந்துடுச்சுன்னா அதுக்கு முன்னாடி அனுப்பினது எல்லாம் போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம். ஒரே லைன், வரிசையாத்தான் போகும்.

சுமியே: லைன் திடீர்னு அறுந்தா? கெளம்பினவனா, செத்தவனான்னு மத்தவனுக்கு எப்படித் தெரியும்?

உசாமி: ஒரே ஒரு கேள்வி. "இவன் மேல விடைபெத்தானா?" பெத்திருந்தா பேசாம லைனை எடுத்துடு. பெறலன்னா ஏதோ விபத்து, மறுபடி கூப்பிடு. ஏழு கொடிக்குப் பதில் அந்த ஒரு கேள்வி.

சுமியே: ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கெளம்பினா?

உசாமி: ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவ்வளவுதான். காத்திருக்க யாரும் இல்ல.

கோசோ: என்ன சுமியே, சரியா சொல்றாரா?

சுமியே: முதல் தடவை லிஸ்ட்டுக்கு அனுப்பினப்ப இதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. ஒருத்தர் அப்பதான் குழுவுல சேர வர்றாரு, அந்த நேரம் பாத்து...

உசாமி: மூணாவது தடவை அதை அடைச்சேன்.

சுமியே: அதையும் படிச்சேன்.

உசாமி: எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. ஆனா மூணு வாரமா ரெண்டு மெயில் போட்டேன். ரெண்டாவதுல இன்னைக்கு நேர்ல வர்றேன்னே எழுதினேன். பதில் இல்ல.

கோசோ: அதுக்குத்தான் வந்தீங்களா? பதில் வாங்கிட்டுப் போக?

உசாமி: இல்ல. பதில் வாங்க வரல. கோவமா இருக்கீங்களோன்னு... அதை மெயில்ல கேக்க முடியாதே. பேசாம இருந்தா நம்ம ஊர்ல வேண்டாம்னுதானே அர்த்தம். வேண்டாம்னா கெர்னல்ல சேத்துக்கச் சொல்லி நான் அனுப்ப மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சுமியே: இந்த ஞாயித்துக்கிழமையோட கெர்னலுக்குப் புது மாத்தம் எடுக்குறதை நிறுத்திடுவாங்க. விட்டா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.

உசாமி: தெரியும்.

சுமியே: ஆஸ்பத்திரி?

உசாமி: அவங்களுக்கு மட்டும் தனியா ஏதாவது பண்ணிக் குடுப்பேன்.

சுமியே: மத்த ஆஸ்பத்திரி? உசாமி-சான், உங்களுக்கு என் சம்மதமே வேண்டாமே.

கோசோ: என்னது?

சுமியே: இதுக்கெல்லாம் பொறுப்பா அமெரிக்காவுல ஒருத்தர் இருக்கார். மூணு வாரம் முன்னாடியே லிஸ்ட்ல எழுதிட்டார். "பேட்ச் நல்லா இருக்கு, பழைய ஆள் பதில் போடலன்னா காத்திருக்க வேண்டாம், அனுப்பு, எடுத்துக்குறேன்"னு.

உசாமி: ...அதுவும் படிச்சிருக்கீங்க.

சுமியே: வேலையை விட்டாலும் லிஸ்ட்டை விடல. அதுக்கு நீங்க என்ன பதில் எழுதினீங்கன்னும் படிச்சேன். "இன்னும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கு, அவகாசம் குடுங்க"ன்னு. எதைச் சோதிச்சீங்க?

உசாமி: ஒண்ணும் சோதிக்கல. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

சுமியே: பின்ன எதுக்கு அப்படி எழுதினீங்க?

உசாமி: நான் வேலைக்குச் சேந்தப்ப கெர்னல்னு சொன்னாலே எனக்கு நடுக்கம். முதல்ல முழுசாப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டது உங்க கோடிங்கைத்தான். கடைசி வரைக்கும் படிச்சுட்டு, நம்ம ஆள் ஒருத்தர் இப்படி எழுதியிருக்காரேன்னு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அதை நீங்க இல்லாதப்ப எடுக்க... முதல்ல நீங்க வைக்கணும்னு நெனச்சேன்.

கோசோ: கிழிஞ்சது. இவரும் அதே ரகம்.

சுமியே: என்னங்க, ஊறுகாய் எடுத்துட்டு வாங்க. டீ கசக்குது அவருக்கு.

கோசோ: இப்பவா?

சுமியே: இப்ப. ஸ்டோர் ரூம்லேருந்து. முள்ளங்கி.

கோசோ: சரி, சரி... போறேன். முழங்கால் வேற...

உசாமி: ஊறுகாய் எதுக்கு, நான் கெளம்பணும். ஷூகூட காஞ்சிருக்கும்.

சுமியே: காயல. உக்காருங்க. அந்தக் கடிகாரத்துக்கு எவ்வளவு நேரம் வைக்கிறதுன்னு அப்ப நான் எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா? கம்மியா வெச்சா மரியாதை இல்ல, கூட வெச்சா...

உசாமி: இகராஷி-சான்.

சுமியே: ம்?

உசாமி: நின்னுடுச்சு.

சுமியே: என்ன நின்னுடுச்சு?

உசாமி: அந்தச் சத்தம். குளிர்ப்பெட்டி. இல்ல... அது குளிர்ப்பெட்டி இல்ல. அது ஒரு மோட்டார் இல்ல. நாலு... நாலு ஃபேன். நாலும்...

சுமியே: நாலும்?

உசாமி: ஒண்ணா நின்னுச்சு. ஒண்ணு அடங்கி, காத்திருந்து, அப்புறம் அடுத்ததுன்னு இல்ல. ஒரே மூச்சுல. நாலும் ஒண்ணா.

சுமியே: ஆமா.

உசாமி: அது... என் பேட்ச்சா?

சுமியே: பின்ன, என்னோடதா? என்னோடது ஒண்ணா நின்னதே கிடையாது.

கோசோ: இந்தாங்க முள்ளங்கி. என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? உசாமி-சான், கண்ணுல என்ன?

உசாமி: ஒண்ணுமில்ல. ஹீட்டர் சூடு.

கோசோ: ஹீட்டர் காலுக்கடியிலதானே இருக்கு.

சுமியே: நாலு பழைய மெஷின். கம்பெனி தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கேன். உங்க பேட்ச்சைப் போட்டு மூணு வாரமா நிறுத்துறேன், எழுப்புறேன், நிறுத்துறேன். நடுவுல கேபிளைப் பிடுங்கிப் பாத்தேன். ஒருத்தன் சேர வர்ற நேரம் பாத்து மத்தவனை அனுப்பிப் பாத்தேன். தோக்க வைக்க என்னவெல்லாம் உண்டோ அத்தனையும்.

கோசோ: முள்ளங்கி எல்லாம் புளிச்சுப் போச்சு அந்தச் சூட்டுல. கரண்டு பில்லை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமில்ல. அரிசிப் பெட்டின்னு பொய் சொல்லச் சொன்னா, சொன்னேன். எங்க வீட்டுல அரிசிப் பெட்டியே கிடையாது.

உசாமி: தோத்துச்சா?

சுமியே: என்ன?

உசாமி: என் பேட்ச். எங்கயாவது தோத்துச்சா?

சுமியே: ஒரு எடத்துலயும் தோக்கல. எனக்குக் கோவமா இல்ல உசாமி-சான். ஒரு ராத்திரி கோவமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கடைசி வரைக்கும் படிச்சேன். நான் எதுக்காக அந்த நானூறு வரி எழுதினேனோ அது அத்தனையும் உங்க முப்பது வரியில இருக்கு. ஒண்ணுகூட விட்டுப் போகல. என்னை இவ்வளவு ஒழுங்கா யாரும் படிச்சதில்ல. என் மேலதிகாரிகூட.

கோசோ: நான்கூட.

சுமியே: நீங்க படிக்கவே இல்ல. அந்த லேப்டாப்பை இப்படித் தள்ளுங்க.

உசாமி: இப்பவா?

சுமியே: எழுதி வெச்சாச்சு. அனுப்பணும், அவ்வளவுதான்... ம். போயாச்சு. உங்க போன்ல வந்திருக்கும், பாருங்க.

கோசோ: சத்தமா படிங்க. எனக்கும் கேக்கணும்.

உசாமி: "இந்தக் கோடிங் பதினாலு வருஷம் தன் வேலையைச் செய்தது. இனி தேவையில்லை. சம்மதம், இகராஷி சுமியே." அதுக்குக் கீழ... "சோதித்தது, இகராஷி சுமியே."

கோசோ: அப்ப பேரு ரெண்டு தடவை வருதா?

உசாமி: ரெண்டு தடவை. பேட்ச் கூடவே போகும். உலகம் பூரா.

கோசோ: அப்ப முடி வெட்டுற கடையில சொல்லலாம். என்னன்னு சொல்றது? எங்க வீட்டம்மா எழுதினதை இடிக்க அவளே கையெழுத்துப் போட்டான்னா?

உசாமி: எழுதுறது பெரிசு, ஆனா தான் எழுதினதை எப்ப எடுக்கணும்னு தெரியுறது அதைவிடப் பெரிசுன்னு...

கோசோ: அவ்வளவு நீளமாச் சொன்னா அந்தாளு என் காதை வெட்டிடுவான். ரெண்டு தடவை பேரு வருதுன்னு சொல்றேன். போதும்.

சுமியே: ஏங்க, டாக்ஸிக்குச் சொல்லுங்க. அவருக்கு ரயிலுக்கு நேரமாகுது.

கோசோ: சொல்லியாச்சு. வாசல்ல நிக்குது. இந்தாங்க உங்க ஷூ.

உசாமி: நல்லா காஞ்சிருக்கு. சூடாவே இருக்கு.

கோசோ: வந்து கொஞ்ச நேரத்துலயே காஞ்சிடுச்சு. சொன்னா கெளம்பிடுவீங்களேன்னு சொல்லல. இந்தப் பையில முள்ளங்கி இருக்கு. புளிப்பா இருந்தா அதுக்கு உங்க பேட்ச்தான் காரணம்.

உசாமி: இகராஷி-சான்... என்ன சொல்றதுன்னு...

சுமியே: சொல்லியாச்சே. ஓரமா நடங்க, பைப் உடைஞ்சிருக்கு.

உசாமி: குளிருது, நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க.

கோசோ: நீங்க ஏறுங்க, நாங்க போறோம்.

உசாமி: இல்ல, நீங்க முதல்ல கதவைச் சாத்துங்க.

கோசோ: வண்டி திரும்புற வரைக்கும் நின்னுதான் பழக்கம். நீங்க ஏறுங்க.

உசாமி: நீங்க நிக்கிறப்ப நான் எப்படி...

கோசோ: டாக்ஸிக்காரன் பாக்குறான் பாருங்க. ஏறுங்க. இல்ல, நான்... சுமியே? ஏய், என்ன கதவைச் சாத்திட்டே? அவர் இன்னும் குனிஞ்சுட்டு நிக்கிறாரு வெளியில.

சுமியே: உள்ளயே விடைபெத்தாச்சு. வெளியில மறுபடி எதுக்கு?

கோசோ: இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம். இன்னைக்குத்தான் நீ முதல்ல சாத்தியிருக்கே. இரு, ஜன்னல் வழியா பாக்குறேன்... சிரிக்கிறாரு. தனியா நின்னு சிரிச்சுக்கிட்டு... ம், ஏறிட்டாரு. போகுது வண்டி.

சுமியே: நல்ல மனுஷன்.

கோசோ: ஆமா சுமியே, ஒண்ணு கேக்கணும். சோதனையெல்லாம் முந்தாநாளே முடிஞ்சுதே. மெயிலும் அப்பவே எழுதி வெச்சிருந்தே. முள்ளங்கியும் ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா இருக்கு. எதுக்கு இன்னைக்குக் காலையில அந்த நாலையும் எழுப்பி விட்டு, "ஊறுகாய்னு சொன்னா போய் அந்தப் பட்டனை அழுத்துங்க"ன்னு எனக்கு ஒத்திகை வேற? முந்தாநாளே அனுப்பித் தொலைச்சிருக்கலாமே.

சுமியே: அனுப்பியிருந்தா அவர் வந்திருக்க மாட்டார். நாலும் ஒண்ணா நிக்கிற சத்தத்தை மூணு வாரமா நான் தனியாவே கேட்டுட்டிருந்தேங்க... எழுதினவர் காதுல அது ஒரு தடவையாவது விழ வேண்டாமா?